ஓடாதே மாரி

கதிர்,

ஞாயிற்றுக்கிழமை போனை வைப்பதற்கு முன் நீ ஒன்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். "முதல் கிளாஸ்ல என்ன சொல்லணும்னு முடிவு பண்ணிட்டேம்மா. போர்டுல பெருசா எழுதிப் போடப்போறேன். ஓடாதே மாரி!" என்றாய். நான் சிரிக்கவில்லை. "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். "இப்பத்தானம்மா கேட்ட" என்றாய். அடுப்பில் ஒன்றும் இல்லை, வாசலில் யாரும் வந்து நிற்கவும் இல்லை. ஆனாலும் ஏதோ வேலை கிடப்பதுபோல் நான் போனை வைத்துவிட்டேன். பதினொரு வருடமாக அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் இப்படித்தான் எழுந்து வேறு அறைக்குப் போகிறேன். நீயும் உன் அப்பாவும் ஒருமுறைகூட ஏன் என்று கேட்டதில்லை. கேட்காதபடி நான் நடந்துகொண்டேன் என்பதுதான் சரி.

சனிக்கிழமை உன் அப்பா சிவகாசியில் அச்சகத்துக்குப் போகிற வழியில் உன் அறையில் சட்டைகளைக் கொடுத்துவிட்டுப் போவார். இஸ்திரி போட்ட நான்கு சட்டைகளுக்கு அடியில் இந்தக் கடிதம் இருக்கும். திங்கட்கிழமை காலையில் நீ பாடம் எடுக்கப்போகும் பள்ளிக்கூடத்தின் கம்ப்யூட்டர் அறைக்குள் நுழைவதற்கு முன் படித்துவிடு. போனவாரம் நீ இங்கே இருந்தபோதே சொல்ல இரண்டு முறை வாய் எடுத்தேன். ஒருமுறை நீ பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாய். இன்னொரு முறை எதிரே உட்கார்ந்து, கேட்பதற்குத் தயாராகத்தான் இருந்தாய். எனக்குத்தான் வரவில்லை. எதிரில் இருக்கும் முகத்தைப் பார்த்து என்னால் சில விஷயங்களைச் சொல்ல முடிந்ததே இல்லை. அறுபது பேருக்கு முன்னால் நின்று மணிக்கணக்காகப் பேசுகிறவளுக்கு இது ஒரு குறைதான்.

அந்த வார்த்தை நம் வீட்டுக்கு வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. நான் கல்லூரியிலிருந்து வந்து, சாப்பிட உட்கார்ந்த இடத்தில் அந்தக் கதையைச் சொன்னேன். முதல் கம்ப்யூட்டர் வகுப்பில் ஒரு பெண் திரையைப் பார்த்துப் பயந்து, பக்கத்தில் இருந்தவளையும் இழுத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடிய கதை. நான் சாதாரணமாக வீட்டில் கதை சொல்கிறவள் இல்லை. அன்றைக்கு நடித்தே காட்டினேன். உனக்குப் புரையேறியது. அதன்பிறகு ஊசி போடப் போன இடத்தில் நீ நாற்காலியைப் பிடித்துக்கொண்டபோது அப்பா "ஓடாத மாரி" என்றார். குளியலறையில் பல்லி விழுந்தபோது நீ என்னிடம் சொன்னாய். கணக்குப் பரீட்சைக்கு முதல் நாள் நான் உன்னிடம் சொன்னேன். கிட்டத்தட்ட ஒன்றரை வருடம் அது நம் வீட்டின் சிரிப்பாக இருந்தது. பிறகு நான் மட்டும் அதைச் சொல்வதை நிறுத்தினேன். நீங்கள் இருவரும் தொடர்ந்தீர்கள். மாரி என்பவள் உண்மையில் யார், என்ன ஆனாள் என்று உங்களுக்கு நான் சொல்லவே இல்லை. அவள் உங்களுக்கு ஒரு கதையில் வருகிற பெண்ணாகவே இருந்துவிட்டாள்.

அவள் பெயர் மாரீஸ்வரி. தாயில்பட்டிப் பெண். அப்பா இல்லை. அம்மா பேச்சியம்மாள் பட்டாசுக் கம்பெனியில் தரைச்சக்கரத்துக்கு வெடிமருந்து செலுத்துகிறவர். பிளஸ் டூவில் வரலாறு படித்துவிட்டு, இடம் இருந்தது என்பதற்காக எங்கள் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயன்ஸில் சேர்ந்திருந்தாள். அந்த வருடம் என் வகுப்பில் இருந்தவர்களில் பாதிப் பேர் அதுவரை ஒரு கீபோர்டைத் தொட்டதில்லை. முதல் நாள் எல்லோரையும் லேப் வாசலில் வரிசையாக நிறுத்தினேன். செருப்பைக் கழற்றி வெளியே விடு, போனைக் கொடு, ஒரு பெஞ்சுக்கு நாலு பேருக்குமேல் உட்காராதே, சொல்லாமல் எதையும் தொடாதே. இதெல்லாம் நான் வருடா வருடம் சொல்கிறதுதான். மாரி தன் முறை வந்ததும் உள்ளே வராமல், இரும்புக் கதவில் உள்ளங்கையை முழுசாக வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். எனக்குச் சுருக்கென்றது. கம்ப்யூட்டருக்கும் ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைக்கிற ஊர் இது, உனக்குத் தெரியும். "கம்ப்யூட்டருக்கெல்லாம் கும்பிடு போடாதம்மா, அதுக்குக் கண்ணு தெரியாது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் கையை எடுக்காமலேயே சொன்னாள்: "கும்பிடல மிஸ். மேல இருக்க கரண்ட எறக்கிட்டு வாரேன்."

பட்டாசுக் கம்பெனியில் மருந்து இருக்கிற அறைக்குள் நுழைவதற்கு முன், உடம்பில் தேங்கியிருக்கும் நிலைமின்சாரம் இறங்குவதற்காக வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொடுவார்கள். அதை நான் இயற்பியல் புத்தகத்தில் படித்திருக்கிறேன். அவள் கையால் செய்தாள். நான் அதை மூடநம்பிக்கை என்று நினைத்தேன். விருதுநகரிலேயே பிறந்து, மதுரையில் படித்து, சிவகாசிப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டதாகப் பேப்பரில் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிற டவுன்காரி நான். இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி மனிதர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதுகூடத் தெரியாது. உள்ளே வந்த மாரி சுற்றிலும் பார்த்தாள். வெறும் கால், பெஞ்சுக்கு நாலு பேர், தரையில் பச்சை ரப்பர் விரிப்பு. "எங்கம்மா வேல பாக்குற ரூம் மாதிரியே இருக்கு மிஸ்" என்றாள். "ஆனா அங்கன நாலு பக்கமும் வாசல் இருக்கும். இங்கன ஒண்ணுதான் இருக்கு." ஏ.சி. காற்று வெளியே போகாமல் இருக்க அந்த ஒரு கதவையும் நான் சாத்திக்கொண்டிருந்தேன். அது உள்பக்கமாகத் திறக்கிற கதவு.

முதல் புரோகிராமாக நான் எப்போதும் பெயரைத்தான் எழுதவைப்பேன். மூன்று நான்கு வரிகள்தான். சரியாக அடித்தால் அவரவர் பெயர் திரையில் வந்து நிற்கும். நீயும் அதையே செய், வேறு எதுவும் முதல் நாள் அவ்வளவு வேலை செய்யாது. மாரி ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தாள். நீலத் திரை கறுப்பாகி அவள் பெயர் வந்தது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னம்மா, தப்பா?" என்றேன். "தப்பில்ல மிஸ். அதான் பாக்கேன். ரேசன் கார்டுலகூட எம்பேரு தப்பாத்தான் இருக்கு" என்றாள். பக்கத்தில் இருந்த ஜோதி, "நீயே அடிச்சா தப்பாவா அடிப்ப?" என்று அவள் தொடையில் கிள்ளினாள். ஜோதியும் அந்தப் பக்கத்துக் கிராமம்தான். இருவரும் ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள்.

அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். மணி அடிக்கக் கால்மணி நேரம் இருந்தது. ஒரு வேடிக்கை காட்டலாம் என்று, அதே பெயரைப் பத்துமுறை எழுதச் சொல்லும் வரிகளைப் போர்டில் எழுதிப்போட்டேன். அதில் ஒரு வரி, ஒவ்வொருமுறை எழுதியதும் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டச் சொல்லும் வரி. அதை விட்டுவிட்டால் எப்போது நிறுத்துவது என்று இயந்திரத்துக்குத் தெரியாது. மாரி அந்த வரியை விட்டுவிட்டாள். ஓடவிட்டதும் அவள் பெயர் சரசரவென்று ஒன்றின் கீழ் ஒன்றாகத் திரை முழுக்கக் கொட்ட ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. நான் முதுகு காட்டிப் போர்டில் எழுதிக்கொண்டிருந்தேன். பெஞ்ச் இழுபடுகிற சத்தம் கேட்டது. "எல்லாரும் வெளிய! வெளிய!" என்று ஒரு கத்தல். திரும்பினால் மாரி ஜோதியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கதவைத் தள்ளிக்கொண்டிருந்தாள். உள்பக்கமாகத் திறக்கிற கதவைத் தள்ளினால் எப்படித் திறக்கும்? இரண்டு முறை மோதினாள். பிறகு இழுத்துத் திறந்து வராந்தாவின் கடைசிவரை ஓடிப் படிக்கட்டில் நின்றாள்.

வகுப்பு முழுக்கச் சிரித்தது. முழுக்க என்று அப்போது நினைத்தேன். இப்போது யோசித்துப் பார்த்தால் பட்டாசுக் கம்பெனிகள் இருக்கும் வெம்பக்கோட்டைப் பக்கமிருந்து வந்த மூன்று பெண்கள் சிரிக்கவில்லை. அவர்களும் பெஞ்சைவிட்டுப் பாதி எழுந்து, கால் வாசல் பக்கம் திரும்பியபடி நின்றார்கள். கண்ணால் பார்த்தேன், மண்டைக்குள் ஏறவில்லை. நானும் சிரித்துக்கொண்டே வராந்தாவுக்குப் போனேன். "ஓடாதே மாரி. இங்க ஒண்ணும் வெடிக்காது. வந்து உக்காரு. என்ன நடந்திருக்குன்னு குனிஞ்சு பாரு" என்றேன். அவளுக்கு மூச்சு வாங்கியது. வெட்கப்பட்டுச் சிரித்தாள். "எங்கூர்ல அப்படித்தான் மிஸ். எதுனாலும் முதல்ல வெளிய வந்திரணும். அப்புறந்தான் என்ன ஏதுன்னு பாக்கணும். கீழ விழுந்தத எடுக்கக்கூடத் திரும்பக்கூடாதும்பா எங்கம்மா." நான் சொன்னேன்: "அது கம்பெனிக்கு. படிப்புல அப்படி இருந்தா ஒண்ணுமே கத்துக்க முடியாது. தப்பு வந்தா அங்கேயே உக்காந்து அதை முகத்துக்கு நேரா பாக்கணும்." அன்று அவள் நோட்டில் அந்தப் புரோகிராமுக்குக் கீழே சிவப்பு மையில், "ஓடாதே. உட்கார்ந்து பார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எனக்குப் பிடித்துப்போன வாக்கியம் அது. நல்ல ஆசிரியை என்று என்னைப் பற்றி நானே நினைத்துக்கொண்ட நாள்களில் அதுவும் ஒன்று.

அவள் கற்றுக்கொண்டாள், கதிர். அதுதான் இதில் கொடுமை. ஒரு பருவம் முடிவதற்குள் வகுப்பில் யாருக்குத் தவறு வந்தாலும் "மாரிய கூப்பிடு" என்பார்கள். வந்து, மூக்கு திரையில் இடிக்கிற மாதிரிக் குனிந்து, அசையாமல் நின்று ஒவ்வொரு வரியாகப் பார்ப்பாள். "இந்தா இருக்கு பாரு, ஒளிஞ்சிக்கிட்டு" என்று விரல் வைப்பாள். அடுத்த வருடம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் வகுப்பு எடுத்தபோது அவளைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தி, "நீ அன்னைக்கு ஓடினதைச் சொல்லு" என்றேன். அவள் கதவில் மோதியது உட்படச் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தாள். கடைசியில், "இப்ப நான் ஓட மாட்டேன்" என்றாள். நான் கைதட்டினேன். அறை முழுக்கக் கைதட்டியது.

தீபாவளி சீசன் சமயத்தில் சனி, ஞாயிறுகளில் அவள் அம்மாவோடு வேலைக்குப் போவாள். எங்கள் பிள்ளைகளில் பலரும் அப்படித்தான். திங்கட்கிழமை காலையில் நகக்கண்ணில் வெள்ளிப்பொடி மினுங்க வருவார்கள். நான் எதுவும் கேட்டதில்லை. அது அவர்கள் வீட்டு விஷயம் என்று ஒதுங்கியிருப்பதை மரியாதை என்று நினைத்தேன். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் அவர்கள் வேலை செய்த அறையில் தீப்பிடித்தது. திங்கட்கிழமை ஜோதி மட்டும் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். துறை வாசலில் நின்று, உள்ளே வராமல், "மிஸ், மாரி இல்ல" என்றாள். இன்றைக்கு வரவில்லை என்கிறாள் என்று நினைத்து, "ஏன், லீவ் லெட்டர் எங்கே?" என்று கேட்டேன்.

பதினாறாம் நாள் கழிந்து ஜோதியைக் கூட்டிக்கொண்டு தாயில்பட்டிக்குப் போனேன். மாரியின் நோட்டு என் மேசையில் திருத்துவதற்காக வந்த கட்டில் இருந்தது. அதைக் கொடுத்துவிட்டு வர வேண்டும் என்பதுதான் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். பேச்சியம்மாளுக்கு இரண்டு கையிலும் கட்டு. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். "வாங்க டீச்சர். இம்புட்டுத் தூரம் வெயில்ல வந்திருக்கீகளே" என்று பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். மகளைப் பறிகொடுத்த வீட்டில் எனக்கு உபசாரம் நடந்தது. அவரே பேசினார்.

"மருந்துத் தட்டு ஓரத்துல பொகைஞ்சுச்சு டீச்சர். ஓடுங்கடின்னு கத்துனேன். எம் பக்கத்து வாசல்ல நான் வெளிய விழுந்துட்டேன். எனக்கு அடுத்தாப்ல இருந்தவளும் வந்துட்டா. திரும்பிப் பாத்தா இவ எந்திரிச்சவ நிக்கா. ஓடல. குனிஞ்சு என்னத்தயோ பாக்கா. என்னத்தப் பாத்தாளோ. ஏட்டி வாடின்னேன், அம்புட்டுத்தான்." பிறகு, என்னிடம் ஒரு சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டார்: "அப்பிடி நிக்கிற புள்ளையே இல்ல டீச்சர் அவ. நடக்கப் பழகுனதுலருந்து நாந்தான சொல்லிச் சொல்லி வளத்திருக்கேன். ஒரு டம்ளர் கீழ விழுந்தாலும் வாசல்ல போய் நிப்பா. அவளுக்கு எங்கருந்து வந்துச்சு இந்தப் பழக்கம்?"

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் நோட்டை நீட்டினேன். கட்டுப்போட்ட கைகளால் வாங்க முடியாமல் மடியில் வைக்கச் சொன்னார். முழங்கையால் அட்டையைத் திறந்தார். முதல் வருடத்திலிருந்து அவள் வைத்திருந்த அதே நோட்டு, முதல் பக்கம்தான் திறந்தது. "சேப்பு மையில என்ன எழுதிருக்கீக டீச்சர்?" என்றார். அவருக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜோதிக்குத் தெரியும். அவள் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான், "நல்லாப் படிக்கிறான்னு எழுதியிருக்கேன்" என்றேன். பேச்சியம்மாள் அந்தச் சிவப்பு எழுத்தின்மேல் கட்டுத் துணியின் நுனியால் தடவினார். "அப்ப இதப் படத்துக்குப் பக்கத்துல வச்சுக்கிடுதேன்" என்றார். நாங்கள் புறப்படுவதற்கு முன்பே பக்கத்து வீட்டுப் பெண் அந்தப் பக்கத்தை விரித்து மாரியின் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டபோது உள்ளே அது தெரிந்தது. ஓடாதே. உட்கார்ந்து பார். கீழே என் கையெழுத்து.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜோதி ரொம்ப நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். சிவகாசிக்குக் கொஞ்சம் முன்னால் சொன்னாள்: "அவ பக்கத்துல யாராச்சும் இருக்காகளான்னு பாத்திருப்பா மிஸ். அன்னைக்கு என்னைய இழுத்துட்டு ஓடுனால்ல? அவ தனியா ஓடுறவ இல்ல." எனக்காகத்தான் அதைச் சொன்னாள் என்று தெரிந்தது. பத்தொன்பது வயதுப் பெண், தோழியைப் பறிகொடுத்தவள், எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் சொன்ன பொய்யைப் பற்றி அவள் அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

நான் எதையும் சுலபத்தில் நம்புகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். வகுப்பறையில் சொன்ன ஒரு வாக்கியம் ஓர் உயிரை எடுக்கும் என்று யாராவது சொன்னால் ஆதாரம் கேட்பேன். நான்கு பேர் இருக்க வேண்டிய அறையில் அன்று எத்தனை பேர் இருந்தார்கள், சீசன் அவசரத்தில் எவ்வளவு மருந்தைக் கொண்டுவந்து குவித்தார்கள், வெயில் எப்படி இருந்தது, இவற்றையெல்லாம் ஒருநாள் உட்கார்ந்து காகிதத்தில் எழுதினேன். காரணங்களை வரிசைப்படுத்தினால் என் வாக்கியம் கடைசி இடத்துக்குக்கூட வராது. ஜோதி சொன்னதும் உண்மையாக இருக்கலாம். துப்பட்டா எதிலாவது மாட்டியிருக்கலாம். பேச்சியம்மாள் பார்த்தது ஒரு கணம். இப்படி எல்லாவற்றையும் எழுதிய பிறகும், மூக்கு திரையில் இடிக்கக் குனிந்து நிற்கிற அந்த நிலை மட்டும் மிச்சமிருக்கிறது. அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான். கைதட்டியதும் நான். அவள் அம்மா பதினெட்டு வருடம் பாடுபட்டு அவள் காலுக்குள் வைத்திருந்த ஒன்றை, அது என்னவென்று கேட்காமலேயே, பயம் என்று பெயர் வைத்து நான் எடுத்துப் போட்டேன். எடுத்துப் போட்டேனா, அவள் உடம்பில் அது மிச்சம் இருந்ததா என்பது எனக்கு என்றைக்கும் தெரியப்போவதில்லை. தெரியாமலேயே இருப்பதற்குப் பழகிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பழகவில்லை.

இன்னொன்றும் இதோடு சேர்ந்தது. அது உன்னைப் பற்றியது. இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டலில் சேர்ந்த ஒன்பதாம் நாள் நீ போன் செய்து, "என்னால முடியலம்மா, மூச்சு முட்டுது" என்றாய். நான் என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "கிளம்பி வா. இப்பவே. பெட்டியக்கூட எடுக்காத" என்றேன். உன் அப்பா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "ஒரு வாரம் இருந்து பாக்கட்டும்லா. ஊருப் புள்ளைகளுக்கெல்லாம் ஓடாத ஓடாதன்னு பாடம் எடுக்கிறவதான நீ? சொந்தப் புள்ளைக்கு மட்டும் வாசலத் திறந்து விடுதியாக்கும்?" என்றார். நீ வந்தாய். இங்கேயே பி.எஸ்ஸி. சேர்ந்தாய். உன்னோடு அங்கே சேர்ந்த பிள்ளைகள் எங்கெங்கோ இருக்கிறார்கள். மூன்று வருடத்துக்கு முன் ஏதோ ஒரு சண்டையில் நீ சொன்னாய்: "நான் நின்னு சமாளிப்பேன்னு உனக்கு நம்பிக்கையே இல்ல. அதான் அன்னைக்கு வரச்சொன்ன." நான் பதில் சொல்லவில்லை. இதுதான் பதில். உன்மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. நீ மூச்சு முட்டுது என்றதும் எனக்கு உன் ஹாஸ்டல் அறை தெரியவில்லை, தாயில்பட்டியில் நான் பார்க்காத ஓர் அறை தெரிந்தது. இன்னொருத்தியிடம் செய்த தவற்றை உன்னிடம் சரிசெய்யப் பார்த்தேன். ஒரு வாரம் இருந்திருந்தால் உனக்கு அது பழகியிருக்கவும் கூடும். அதற்காக நீ என்மேல் கோபப்படலாம். நியாயமான கோபம்தான்.

லேப் கதவுக்கு நான் வைத்திருக்கும் செங்கல்லை நீ பார்த்திருக்கிறாய். ஸ்கூல் லீவில் என்னோடு கல்லூரிக்கு வந்தபோது, "ஏ.சி.ய போட்டுட்டு கதவ ஏம்மா திறந்து வைக்கிற?" என்று கேட்டாய். காற்றோட்டம் என்றேன். முதல்வர் இரண்டு முறை எழுத்தில் விளக்கம் கேட்டார். கரண்ட் வீணாவதாக ஒரு குறிப்பு, அறையில் தூசி சேர்வதாக ஒரு குறிப்பு. அவருக்கும் காற்றோட்டம் என்றே எழுதிக்கொடுத்தேன். செங்கல் இருக்கிறது. அந்த வாக்கியத்தையும் நான் விட்டுவிட்டேன். இந்தப் பதினொரு வருடத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்கு முதல் புரோகிராம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தவறு வந்து யாராவது பதறினால் பக்கத்தில் போய் நிற்பேன், அவ்வளவுதான். முன்னைவிட நல்ல ஆசிரியை ஆகிவிட்டேன் என்று சொல்லவரவில்லை. முன்னைவிடக் குறைவாகப் பேசுகிறேன்.

நீ போகிற பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகள்தான் வருவார்கள். உன் வகுப்பில் பாதிப் பேரின் அம்மாக்கள் அந்த அறைகளில்தான் உட்கார்ந்திருப்பார்கள். யாராவது கதவில் கை வைத்து நின்றால் நிற்கவிடு, அவசரப்படுத்தாதே. பெயரை எழுதவைத்தாயானால் அன்றைக்கு அத்தோடு முடித்துக்கொள். மிச்ச நேரம் இருந்தால் இருக்கட்டும், அவர்கள் தங்கள் பெயரைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். பிறகு ஒருநாள் நீ அந்தப் பத்துமுறை எழுதும் பாடத்துக்கு வருவாய். ஒருத்தி அந்த ஒரு வரியை விட்டுவிடுவாள். எழுந்து ஓடினால் நீயும் அவள் பின்னால் வெளியே போ. கூப்பிடாதே. மற்றவர்கள் சிரித்தால் யார் சிரிக்கவில்லை என்று பார். அவளுக்கு மூச்சு அடங்குகிறவரைக்கும் பக்கத்தில் நில். சரியாகத்தான் செய்தாய் என்று சொல். திரையில் இருப்பது எங்கேயும் போகாது, எப்போது வேண்டுமானாலும் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொல். அவளாக உள்ளே வருவாள். வராவிட்டால் மறுநாள் வருவாள். அதனால் அவள் படிப்பு ஒன்றும் கெட்டுவிடாது. கெட்டாலும் பரவாயில்லை.

பேச்சியம்மாளை நான் மறுபடி போய்ப் பார்க்கவில்லை. உன் பள்ளிக்கூடத்திலிருந்து தாயில்பட்டி பக்கம்தான். நீ போக வேண்டாம். அது நான் போக வேண்டிய இடம். அந்தச் சிவப்பு எழுத்தில் இருப்பது என்ன என்று இத்தனை வருடம் கழித்து அவரிடம் சொல்வது அவருக்காகவா, என் பாரத்தை இறக்கி வைக்கவா என்று எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. தெளிவானால் போவேன். அதுவரை நம் வீட்டில் அந்த வார்த்தையை யாரும் சொல்ல வேண்டாம். உன் அப்பாவிடமும் இதை நீ படிக்கக் கொடு. நான் கொடுத்தால் அவர் என் எதிரிலேயே படிப்பார்.

திங்கட்கிழமை கொஞ்சம் சீக்கிரமே போ. பிள்ளைகள் வருவதற்கு முன்னால் அந்த அறைக்கு எத்தனை வாசல் இருக்கிறது, கதவு உள்ளே திறக்கிறதா வெளியே திறக்கிறதா என்று பார். பார்த்துவிட்டு எனக்குப் போன் செய். சாப்பிட்டாயா என்று கேட்கமாட்டேன்.

அம்மா